படுக்கை ஒன்று, சட்டம் மூன்று: ஜொகூரின் தொண்டு முதியோர் இல்லங்கள்

ஜொகூரில் ஒரு தொண்டு இல்லத்துக்குக் கைத்தடி ஊன்றி நடந்து வருகிறார் ஒரு பாட்டி. முதல் சில ஆண்டுகள் கீரை ஆய்வார், துணி மடிப்பார், புதிதாக வந்தவருக்குத் தலைசீவி விடுவார். ஒருநாள் பக்கவாதம் வருகிறது. சுல்தானா அமினா மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்துவிட்டு, மூக்கில் உணவுக் குழாயும் பக்கத்தில் சிறுநீர்ப் பையுமாக அதே அறைக்கு, அதே கட்டிலுக்குத் திரும்புகிறார். இல்லத்துக்கு அவர் பழைய பாட்டிதான். சட்டமோ அந்தக் கட்டிலை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறது. நேற்றுவரை சமூக நலத்துறையில் பதிந்தால் போதும் என்றிருந்த இடம், இன்று சுகாதார அமைச்சின் உரிமம் கேட்கும் இடமாகிவிட்டது. இல்லத்தை நடத்துகிறவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவர் காப்பாற்றியவருக்கு வயதும் நோயும் ஏறின, அவ்வளவுதான்.

மலேசியாவில் இலாப நோக்கமில்லாத முதியோர் இல்லங்களைத் தொடும் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தால் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும்போதுதான் சிக்கல் தெரியும். அவை கட்டடத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு ஏற்ற விதி எழுதுகின்றன. மனிதர் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குள் மெல்ல நகர்வதை அவை கணக்கில் எடுக்கவில்லை. பணம் வாங்கும் இல்லம் இந்த நகர்வைச் சமாளித்துவிடும். நோய் முற்றியவரைக் கூட்டிப் போகச் சொல்லிப் பிள்ளைகளை அழைக்கும். அழைக்க யாருமில்லாதவர்களை வைத்திருப்பது தொண்டு இல்லம். ஆகவே சட்டங்களுக்கு இடையிலுள்ள பிளவின் முழு பாரமும் அதன் தலையில்தான் விழுகிறது.

முதல் சட்டம் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டம், அதாவது சட்டம் 506. நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் சமூக நலத்துறையிடம், மக்கள் நாவில் ஜேகேஎம்மிடம், பதிய வேண்டும். கட்டணம் வாங்கினாலும் சரி, இலவசமாக நடத்தினாலும் சரி. முதியோர், ஊனமுற்றோர், குழந்தைகள் எல்லாருக்கும் இந்த ஒரே சட்டம்தான். பாதுகாப்பு, மேற்பார்வை, மறுவாழ்வு, பயிற்சி ஆகியவற்றை அது பராமரிப்பு என்று வரையறுக்கிறது. மருத்துவமும் தாதிமையும் அந்த வரையறையில் இல்லை. 1993இல் முதியோர் இல்லம் என்றால் நடமாடக்கூடிய ஆதரவற்றோர் தங்கும் வீடு என்ற எண்ணம் இருந்த காலத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது, 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம், சட்டம் 586. 2006 மே முதல் தேதி அமலுக்கு வந்தது. நோயாலோ காயத்தாலோ தளர்ச்சியாலோ அவதிப்படுகிறவர்களை ஏற்றுத் தாதியர் பராமரிப்பு தரும் இடத்தை இது தனியார் தாதிமை இல்லம் என்கிறது. அரசாங்கத்துடையதல்லாத எல்லாமே இங்கே தனியார்தான். கோயில் நடத்தினாலும், தேவாலயம் நடத்தினாலும், சங்கம் நடத்தினாலும் அதில் வேறுபாடு கிடையாது. அமைக்க ஓர் அனுமதி, இயக்க இன்னோர் உரிமம். உரிமமின்றி நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனமாகவோ சங்கமாகவோ இருந்தால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். தனியார் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்த எழுதிய சட்டத்தின் வாலில் இந்த இல்லங்களும் சேர்ந்துகொண்டன.

மூன்றாவதை ஜொகூர்க்காரர்கள் மறக்கக்கூடாது, ஏனென்றால் தம்போயில் பெர்மாய் மருத்துவமனை இருக்கிறது. பல்லாண்டுகள் மனநோயோடு வாழ்ந்து முதுமையடைந்தவர்களும், நினைவு தப்பிய முதியவர்களும் தொண்டு இல்லங்களில் நிறையப் பேர். 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சட்டம் 615, மனநலத் தாதிமை இல்லம் என்று தனியாக ஒரு வகையை வைத்திருக்கிறது. இரவில் எழுந்து சாலைக்குப் போய்விடும் மறதி நோயாளிக்காக வாசல் கதவைப் பூட்டும் இல்லம் அவரைப் பாதுகாக்கிறதா, அடைத்துவைக்கிறதா? பாசிர் கூடாங்கில் ஒரு தாமான் வீட்டில் பத்துப் பேரை வைத்திருக்கும் பொறுப்பாளர் இந்தக் கேள்விக்கு எந்த அலுவலகத்தில் விடை கேட்பது என்பதே தெளிவாக இல்லை.

இந்த மூன்றுக்கும் நடுவே நடைமுறை வேறொரு வழியில் ஓடுகிறது. பெரும்பாலான தொண்டு இல்லங்கள் சட்டம் 506இன் கீழ்தான் பதிந்திருக்கின்றன, அல்லது பதிய முயன்றுகொண்டிருக்கின்றன. உள்ளே பார்த்தால் பல படுக்கைகளில் எழ முடியாதவர்கள். அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தும் அழைத்துப்போக ஆளில்லாமல் கிடக்கும் முதியவருக்காக, அங்குள்ள மருத்துவ சமூகநல அதிகாரியே இல்லங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து இடம் கேட்கிறார். ஒரு துறை அனுப்பிவைத்த நோயாளியை வைத்திருப்பதற்காக இன்னொரு துறை கேள்வி கேட்கக்கூடிய நிலையில் அந்த இல்லம் நிற்கிறது.

அரசின் சொந்த இல்லங்கள் இந்த இடத்தை நிரப்பவில்லை. ஜேகேஎம் நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் ஜொகூர் பாருவிலும் உண்டு. அது தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய, உற்றார் இல்லாத 60 வயதைக் கடந்தவர்களுக்கானது. நாள்பட்ட நோயுற்ற ஆதரவற்றோருக்கான ரூமா ஏசான் திரங்கானுவின் டுங்குனிலும் சிலாங்கூரின் கோலகுபு பாருவிலும் இருக்கிறது. 40 லட்சம் பேர் வாழும் ஜொகூரில் இல்லை. படுக்கையில் விழுந்த ஏழை முதியவருக்கு இந்த மாநிலத்தில் பொது இடம் என்று எஞ்சியிருப்பது மருத்துவமனை வார்டும் தொண்டு இல்லமும்தான்.

இதைச் சொன்னதும், தொண்டு செய்கிறவர்களை ஏன் சட்டம் போட்டு நெருக்க வேண்டும், விட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் சமூகத்தில் இந்தக் குரல் அடிக்கடி கேட்கும். நான் இதை ஏற்கவில்லை. காசு கொடுத்துத் தங்கும் தாத்தாவுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரும் மகள் பார்த்துவிடுவாள், சத்தம் போடுவாள். தொண்டு இல்லத்தில் இருப்பவருக்காகச் சத்தம் போட ஒருவருமில்லை. பரிசோதனை அதிகாரியின் வருகைதான் அவருக்கு வாய்த்த ஒரே உறவு. நல்ல மனம் படைத்தவர் நடத்தும் இல்லத்திலும் மருந்து மாறிப்போகலாம், உணவுக் குழாய் நுரையீரலுக்குள் இறங்கலாம், மின்கம்பி சூடேறலாம். 2016 அக்டோபர் 25ஆம் நாள் சுல்தானா அமினா மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவு தீப்பிடித்து 6 நோயாளிகள் இறந்தார்கள். மருத்துவர்களும் தாதியரும் நிறைந்த மாநிலத்தின் தலைமை மருத்துவமனையிலேயே எழ முடியாதவர்களை வெளியேற்றுவது அவ்வளவு கடினமாக இருந்தது. இரும்புக் கம்பிச் சன்னல் போட்ட ஒரு தொடர்வீட்டில், இரவுக்கு ஒரே பணியாள் இருக்கும் இல்லத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

தீயணைப்பு மீட்புத் துறையான பொம்பாவின் ஆதரவுக் கடிதம் கேட்பதை நான் ஒரு தொல்லையாக நினைக்காததற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்தக் கடிதம் கிடைக்கும் வழி இல்லங்களுக்கு உண்மையாகவே கடினமானது. ஜேகேஎம் பதிவுச் சான்றிதழ் தர வேண்டுமானால் மூன்று இடங்களின் ஒப்புதல் முதலில் வர வேண்டும்: தீயணைப்பு மீட்புத் துறை, சுகாதார அலுவலகம், ஊராட்சி மன்றம். ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் ஆகிய மூன்று மாநகர் மன்றங்களும், கூலாய், குளுவாங், பத்து பகாட், மூவார், சிகாமட் போன்ற நகராண்மைக் கழகங்களும் இதில் வரும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, குடியிருப்பு வீட்டை இல்லமாக மாற்றுவது நிலப் பயன்பாட்டு மாற்றம். அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். அண்டை வீட்டாரின் கருத்து கேட்கப்படும். வரிசையின் நடுவில் இருக்கும் தொடர்வீட்டுக்குப் பெரும்பாலும் நடக்காது, ஓர வீடோ தனி வீடோ தேவைப்படும். நிலப்பட்டாவில் குடியிருப்பு என்று எழுதியிருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி நிபந்தனை மாற்றக் கோரி மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். வாடகை வீட்டில் இயங்கும் இல்லத்தால் இதைச் செய்யவே முடியாது, பட்டா வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவரோ ஈராண்டு ஒப்பந்தத்துக்கு வாடகைக்கு விட்டவர், தன் பட்டாவை மாற்ற எதற்குச் சம்மதிப்பார்?

பதியாத இல்லங்கள் இருப்பதற்கு அலட்சியம் ஒரு காரணம், பேராசை இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் இந்தப் பட்டா. அதிரடிச் சோதனைச் செய்திகளில் மூன்று வகை இல்லங்களும் சட்டவிரோத இல்லம் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுகின்றன.

கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் பார்த்தால் இந்தச் சிக்கலின் வேர் புரியும். சுகாதாரம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றன. சமூகநலம் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில். ஒரு முதியோர் இல்லம் மூன்று பட்டியல்களிலும் கால் வைத்து நிற்கிறது. ஜொகூருக்கு இன்னொரு தனிச் சிரமமும் இருந்தது. 2014 முதல் 2024 இறுதிவரை இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். மத்திய அரசு இயங்கும் புத்ராஜெயாவில் சனியும் ஞாயிறும். கோப்பு ஒன்று இரண்டு பக்கமும் நகர வாரத்தில் நான்கே பொது வேலைநாட்கள். 2025 ஜனவரி முதல் அது சீரானது, சிறிய விஷயம் என்றாலும் மனு போட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது சிறியதல்ல.

இல்லத்தை நடத்தும் அமைப்புக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. பெரும்பாலானவை 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிந்தவை. ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் கணக்கும் அறிக்கையும் சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். சில உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனங்களாக நிறுவனங்கள் ஆணையத்தின் கீழ் வருகின்றன, சில அறக்கட்டளைகள். நன்கொடைக்கு வரிவிலக்கு வேண்டுமானால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற வேண்டும். கொடுப்பவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் எல்லையிலுள்ள தொழிற்பேட்டை நிறுவனங்களிடம் நன்கொடை கேட்கப் போகிறவருக்கு இந்த அங்கீகாரம் இல்லாவிட்டால் பேச்சு வாசலிலேயே முடிந்துவிடும். தெருவில் உண்டியல் ஏந்த 1947ஆம் ஆண்டின் வீடுவீடான, தெருவோர வசூல் சட்டப்படி காவல்துறையின் உரிமம் தேவை. முதியோர் பெயரைச் சொல்லிச் சாப்பாட்டுக் கடைகளில் மேசை மேசையாக வசூலிக்கும் கும்பல்களால் உண்மையான இல்லங்களின் நம்பகம் குலைவதைப் பார்க்கும்போது, இந்தப் பழைய சட்டம் இன்னும் கடுமையாக அமலாக வேண்டும் என்றே தோன்றுகிறது.

சிறு விதிகளும் உண்டு. 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி சமையலில் கைவைப்பவர் பயிற்சி பெற்று டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். புண் கட்டிய துணியும் ஊசியும் மருத்துவக் கழிவாக, எஸ்.டபிள்யூ. 404 என்ற குறியீட்டில், தனியே அகற்றப்பட வேண்டும். திதிக்கும் பிறந்தநாளுக்கும் நம்மவர்கள் சட்டி சட்டியாகச் சமைத்துக் கொண்டுவரும் சாப்பாட்டில் யாருக்கு எது ஆகாது என்று பார்க்க எந்த விதியும் இல்லை. நீரிழிவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் பாயசம் பரிமாறப்படுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பணம். சட்டங்கள் இதைப் பற்றி மௌனமாக இருக்கின்றன. படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க ஒரு பணியாள் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். 2023 முதல் தொழிலாளர் சட்டப்படி ஒருவரின் வார வேலை 45 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த ஒரே இடத்தை நிரப்ப ஏறக்குறைய நான்கு பேர் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட், ஐவருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல். நான்கு பேருக்கு மாதம் 6,800 ரிங்கிட், அதற்கு மேல் சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும். இது ஒரே ஒரு பணியாள் எப்போதும் கண்ணில் படுவதற்கான செலவு. பதிவு பெற்ற தாதி என்றால் இந்தச் சம்பளத்துக்கு வரமாட்டார். பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் டாலர் காத்திருக்கிறது. வருகிறவர்கள் பயிற்சி முடிந்ததும் போய்விடுவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

மறுபக்கம் சிங்கப்பூரிலிருந்து முதியவர்கள் இங்கே வருகிறார்கள். ஜொகூர் பாருவில் இல்லக் கட்டணம் மலிவு என்பதால் அங்குள்ள குடும்பங்கள் பெற்றோரை இங்கே சேர்ப்பது புதிதல்ல. 2009இல் அப்போதைய சிங்கப்பூர் சுகாதார அமைச்சர் காவ் பூன் வான் இதைப் பற்றிப் பேசியபோது அங்கே பெரும் விவாதம் எழுந்தது. இந்தச் சந்தை வளர வளர நல்ல கட்டடமும் தேர்ந்த தாதியும் கட்டணம் கட்டுவோர் பக்கம் சாய்கின்றன. அதே விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தொண்டு இல்லம் இவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

அரசின் உதவி இல்லாமல் இல்லை. பதிவு பெற்ற அமைப்புகளுக்கு ஜேகேஎம் ஆண்டு மானியம் தருகிறது. ஆனால் தனிமனிதருக்கான உதவியில் ஒரு முரண் இருக்கிறது. வருமானமற்ற 60 வயதைக் கடந்தவருக்கு மாதந்தோறும் தரும் முதியோர் உதவித்தொகை, பராமரிப்பு நிலையத்தில் தங்கியிருப்பவருக்குக் கிடையாது. குளுவாங்கில் ஒரு கொட்டகையில் தனியாகக் கிடக்கும்வரை கிடைக்கும் பணம், யாரோ இரக்கப்பட்டு இல்லத்தில் சேர்த்த நாளோடு நின்றுபோகிறது. அரசே நடத்தும் இல்லத்துக்குப் போகிறவருக்கு இந்த விதி நியாயம், சாப்பாட்டையும் மருந்தையும் அரசு ஏற்கிறதே. தொண்டு இல்லத்துக்கு அதையே பொருத்துவதில் என்ன நியாயம்? நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு வலியும் உண்டு. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால் வெட்டி, தோட்டம் விற்கப்பட்டபோது வெளியே வந்தவர்களில் சிலர் கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடே இருக்கிறார்கள். உதவி குடிமக்களுக்கு மட்டும். அவர்களுக்கு எந்தப் படிவமும் கிடையாது. அவர்களை ஏற்கும் இல்லம் அந்தச் செலவை முழுதாகத் தானே சுமக்கிறது.

இந்தப் பிளவுகளை மூடத்தான் 2018ஆம் ஆண்டின் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம், சட்டம் 802, வந்தது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துப் பார்க்கும் இல்லங்களைச் சுகாதார அமைச்சின் ஒரே உரிமத்துக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். நடமாடும் பாட்டியும் குழாயோடு கிடக்கும் பாட்டியும் ஒரே சட்டத்தின் கீழ் வருவார்கள் என்பது சரியான சிந்தனை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகு மத்தியில் ஆட்சி பலமுறை மாறியது. விதிமுறைகள் எழுதப்படுகின்றன என்ற பதிலே ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. தாமதத்துக்கு அரசியல் மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை. மருத்துவமனைத் தரத்தை அப்படியே எழுதினால் தொண்டு இல்லங்களில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே மூட வேண்டிவரும். மூடினால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? மீண்டும் மருத்துவமனை வார்டுக்கு. அமைச்சு எழுதும் விதி அமைச்சின் சொந்த வார்டுகளையே நிரப்பும். தரத்தைத் தாழ்த்தி எழுதினாலோ சட்டத்துக்குப் பொருளே இல்லை.

மற்ற நாடுகளில் இதற்கு முழு விடை கிடைப்பதில்லை. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டந்தோறும் 150 பேராவது தங்கக்கூடிய முதியோர் இல்லத்தை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் வழி செய்கிறது. சிங்கப்பூரில் 1995 முதலே அப்படியொரு சட்டம் உண்டு. மலேசியாவிலும் அது வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழுகிறது. பிள்ளை இருந்தும் கைவிடப்பட்டவருக்கு அது ஓரளவு உதவும். பிள்ளையே இல்லாதவருக்கும், மகனும் தன்னைப் போலவே ஏழையாக இருப்பவருக்கும் உதவாது. அவர்கள்தான் தொண்டு இல்லங்களில் அதிகம்.

சிங்கப்பூரிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. அங்கே தொண்டு அமைப்புகள் நடத்தும் தாதிமை இல்லங்களில் தங்கும் வசதி குறைந்தவருக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசு மானியம் தருகிறது. கட்டடத்தையே அரசு கட்டி, நடத்தும் பொறுப்பை அமைப்பிடம் ஒப்படைப்பதும் உண்டு. ஆகவே அங்கே கடுமையான தரம் கேட்க அரசுக்கு உரிமை இருக்கிறது. தரத்தின் விலையில் ஒரு பங்கை அதுவே கொடுக்கிறது.

ஜொகூரில் செய்யக்கூடிய எல்லாவற்றுக்கும் புத்ராஜெயாவை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. சட்டம் 802 அமலாகும்போது தொண்டு இல்லங்களுக்குப் போதிய மாறுகாலம் வேண்டும், தீப்பாதுகாப்பு, மருந்து, இரவுப் பணியாள் ஆகிய மூன்றில் மட்டும் முதல் நாளிலிருந்தே விட்டுக்கொடுக்கக் கூடாது. முதியோர் உதவித்தொகை இல்லத்துக்கும் முதியவரோடு கூடவே போக வேண்டும். இவ்விரண்டும் மத்திய அரசின் கையில் உள்ளவை. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துடையவை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, இலாப நோக்கமின்றி அறப்பணிக்கென மட்டுமே பயன்படும் பொது இடங்களுக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்களிக்க மாநில ஆட்சிக்கு அதிகாரம் தருகிறது. 124ஆம் பிரிவின் பிரீமியத்தைக் குறைக்க முடிவெடுப்பதும் மாநிலமே. பதிவு பெறாத தொண்டு இல்லங்களைத் தண்டனைக்கு முன் ஒரே மேசைக்கு அழைத்து, பொம்பா, சுகாதாரம், மன்றம், ஜேகேஎம் நான்கையும் அங்கேயே அமர்த்தி, எந்த வீடு தேறும், எது தேறாது, தேறாத வீட்டிலுள்ளவர்களுக்கு எந்த அரசு நிலத்தில் இடம் என்று எழுத்தில் தர மாநில அரசின் தலைவரான மந்திரி பெசாரின் அலுவலகத்தால் முடியும். அந்த மேசைக்கு வர இல்லங்கள் அஞ்சும்வரை அவை மறைவிலேயே இருக்கும். மறைவில் இருக்கும் இல்லத்தில்தான் முதுகுப் புண் யார் கண்ணிலும் படாமல் எலும்புவரை போகிறது.